கொம்பும் காலும்

வெள்ளைப்பலகையில் பச்சை மையில் ஒரே ஒரு சொல்:
குறி.
எழுதிவிட்டுப் பேனா மூடியைத் தேடினார் டாக்டர் பாமினி,
என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.
வில்லாளிக்கு ஒன்று, மாட்டின் தொடையில் சூடாக ஒன்று,
சோழி உருட்டிச் சொல்வது ஒன்று,
நான்காவதை நினைத்துப் பின்வரிசையில் யாரோ
சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.
வகுப்பு தொடங்கி ஆறு நிமிடம்.
எனக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

காக்கி புக்கிட்டில் அச்சுயந்திரத்தை அணைத்து,
டௌன்டவுன் ரயில், பிறகு 74,
கிளமெண்டி சாலை நெடுக மழை,
ரயிலில் தின்னக்கூடாதென்று
பாதியில் மடித்து வைத்த காயா ரொட்டி.

பாதுகாப்புப் பலகைகள் செய்கிற கடை எங்களுடையது.
மின்பெட்டி, பாரந்தூக்கி, கட்டுமானத் தளம்.
நான்கு மொழி. நான்காவது வரி என் பொறுப்பு.
பதினேழு வருடமாகக் குறிதான் விற்கிறேன்
அது ஒரு பாடமென்று தெரியாமல்.

"சிவப்புக்கும் 'நில்'லுக்கும் உறவே இல்லை" என்றார் பாமினி.
"ஊர் கூடி ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான்.
சொல்லும் பொருளும் அப்படியே."
பக்கத்தில் மெர்லின் ஜெயசீலி, தாதி,
பத்து மணிக்கு இரவுப்பணி, சீருடையோடு வந்திருந்தாள்.
எழுதிக்கொண்டாள்: உறவே இல்லை.
கீழே இரண்டு கோடு.

எனக்கு ஒப்பவில்லை.
சிவப்பு மை விலை ஏறும்போதெல்லாம் முதலாளி கோ
ஆரஞ்சு போதாதா என்பார்.
போதாது என்று கத்தியிருக்கிறேன்.
உறவில்லாத ஒன்றுக்காகவா?

அடுத்த தாள் வந்தது.
எழுதியவரைத் தேடாதீர்கள், பிரதிக்குள் அவர் கிடையாது.
சிரிப்பு வந்தது.
'அபாயம்' எழுதியவளின் ஊர் எது, மனம் எது என்று
எந்தப் பாரந்தூக்கியும் கேட்டதில்லை.

ஆனால் ஒரு வாரம் நான் விடுப்பில் இருந்தேன்.
புது மென்பொருள், புது எழுத்துரு.
'தொடாதே' பிளந்துபோயிற்று.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
கசாப்புக் கடைக் கொக்கியில் மாட்டியதுபோல.
நடுவில் ஒரு புள்ளி வட்டம்,
யாரும் உட்காராத நாற்காலி.
இருநூறு பலகை. ரோஸ்னி ஒட்டியே முடித்துவிட்டாள்.
அவளுக்கு அவை எல்லாமே அழகான சுருள்கள்.

துவாஸில் போய்ப் பார்த்தேன்.
எந்த வாயாலும் சொல்ல முடியாத எழுத்து.
அதன் கீழே, பெட்டியிலேயே முதுகைச் சாய்த்து,
மதியத் தூக்கத்தில் ஒரு புதுக்கோட்டைக்காரர்.
துண்டைப் பலகையின் மூலையில் காயப்போட்டிருந்தார்.
இதில் என்ன போட்டிருக்கு தெரியுதா, அண்ணே?
"தொடாதேன்னு போட்டிருக்கு"
கண்ணைத் திறக்கவில்லை.
"ரெண்டு மாசமா அப்படித்தான் போட்டிருக்கு."

கேள்வி உண்டா என்றார் பாமினி.
கை தூக்கினேன்.
உடைந்ததை ஒருவர் சரியாகப் படித்து,
படித்தபின் கேட்காமலும் இருந்தால்
பொருள் எந்தப் பக்கம் இருக்கிறது?
மெர்லின் பேனாவை நிறுத்தினாள்.
பாமினி மறுபடி மூடியைத் தேடினார்,
அது அவர் கையிலேயே இருந்தது.
"ஒன்பதாம் வாரம் வரட்டும்" என்றார்.
மறைக்கவில்லை, அவருக்கும் ஆசையாக இருந்தது.

கட்டுரை எண்ணூறு சொல்.
பிரதியை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

இருநூறில் ஒன்று என் சமையலறையில் இருக்கிறது,
சோற்றுப்பானைக்குப் பின்னால், எண்ணெய் தெறித்து.
இரவு பதினொன்று நாற்பது.
தாளில் தேதி மட்டும் எழுதியிருக்கிறேன்.
எழுந்துபோய் அந்தப் புள்ளி வட்டத்தில் விரல் வைத்தேன்.
அளவெடுத்ததுபோல் பொருந்தியது.